பித்தளை அல்லது ஈடானது

ஜனவரி 9

தம்பி,

போனை எடுக்காதவனுக்குக் கடிதம்தான் எழுத வேண்டியிருக்கிறது. அதுவும் ஒருவகையில் நல்லதுதான். உன் குரலைக் கேட்டால் நான் கத்திவிடுவேன். இங்கே கட்டிலில் கிடக்கிறவர் கத்தலைத் தாங்கமாட்டார்.

உன் அத்தானுக்கு இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். நீ ஊரைவிட்டு ஓடிய மறுநாள் காலையில். மயக்கம் தெளிந்ததும் "டெஸ்டர் வந்தானா?" என்று கேட்டார். தாலி கட்டிய என்னைக் கேட்கவில்லை, அவரே டெஸ்டர் என்று பேர் வைத்த உன்னைத்தான் கேட்டார். "சாப்பிடப் போயிருக்கான்"னு சொல்லி வைத்தேன். பதினோரு நாளாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாய்.

நடந்தது உனக்கும் தெரியும். இருந்தாலும் வரிசையாக எழுதுகிறேன், இதே வரிசையில் நீயும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதற்காக. ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த அந்த ஸ்கேன் மெஷின் ஒரு பெரிய காந்தம். கரண்டு போனாலும் அது தூங்காது, இரும்பு எதைக் கண்டாலும் இழுக்கும். அதனால்தான் அந்த அறைக்கு மட்டும் வேறு சாமான்: செம்பு வயர், பிளாஸ்டிக் குழாய், பித்தளைப் பெட்டி, பித்தளை மூடி, பித்தளை ஸ்க்ரூ. பட்டியல் எழுதியது நான். ஆட்களை வைத்து மாட்டியது நீ. அங்கே ஸ்கேன் டெக்னீசியனாக இருக்கிற உன் அத்தான், முதல் சோதனைப் படத்துக்குத் தானே போய்ப் படுத்தார். படம் முடிந்து அவர் படுத்திருந்த பலகை மெஷினிலிருந்து வெளியே வரும்போது, கூரை விளக்குப் பெட்டியின் மூடி பிய்த்துக்கொண்டு காந்தத்தின் வாய்க்குப் பாய்ந்தது. நடுவில் அவர் முகம் இருந்தது.

மூடியைச் சுரண்டிப் பார்த்தார்கள். மேலே பித்தளை முலாம், உள்ளே இரும்பு.

விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். அந்தச் சாமான் யாரால் உள்ளே போனது என்ற ஒரே கேள்விதான். யார் பெயர் வருகிறதோ அவருடைய லைசென்ஸ் போகும், அப்புறம் இந்தத் தொழிலில் ஒரு ஸ்விட்சுகூட மாட்ட முடியாது. பட்டியலில் பித்தளை என்று இருந்தும், வந்ததைச் சரியாகப் பார்க்காமல் மாட்டியது நான்தான் என்று ஒரு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அக்கா


ஜனவரி 15

அக்காவுக்கு,

ஓடினேன் என்று எழுதியிருக்கிறாய். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துதான் போனேன். இங்கே ஒரு குளிர்பதனக் கிடங்கில் வயரிங் வேலை. மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவில் படுக்கை. பல் கிட்டுகிறது, எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் என்னைத் திட்டாதே.

உன் பட்டியலின் நகல் என் பெட்டியில் இருக்கிறது. ஏழாவது வரியை எடுத்துப் படி. பித்தளை என்று மட்டுமா எழுதியிருக்கிறாய்? "பெட்டி, மூடி, ஸ்க்ரூ: பித்தளை அல்லது ஈடானது." அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை விசாரணைக்காரர்களிடம் விழுங்கிவிட்டாயா, இல்லை எனக்கு எழுதும்போது மட்டும் விழுங்கினாயா? கடைக்காரருக்கு அந்த அறையில் காந்தம் இருப்பது தெரியுமா, கரடி இருப்பது தெரியுமா? சாதாரணமாகக் கடை, ஆபீஸ் வயரிங்குக்கு முலாம் போட்டது பித்தளைக்கு ஈடுதான். அவர் ஈட்டை அனுப்பினார்.

சாமான் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்தவுடன் உன்னைக் கேட்டேனா இல்லையா? "அக்கா, இதெல்லாம் பித்தளைதானா? ஒரு தடவை வந்து பாரேன்." பன்னிரண்டு பேர் நின்றார்கள். நீ போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பட்டியல் எழுதறது என் வேலை. நீ முறுக்கற வேலையை மட்டும் பாரு." எல்லாரும் சிரித்தார்கள். வேலை முடிகிறவரைக்கும் என் கீழே வேலை பார்க்கிறவர்களே என்னை "முறுக்கறவரே, ஏணி வேணுமா?" என்றுதான் கூப்பிட்டார்கள். நீயும் ஒரு தடவை சிரித்தாய், நான் பார்த்தேன்.

சரி என்று ஸ்க்ரூவை முறுக்கினேன். கையெழுத்தெல்லாம் போடமாட்டேன்.

அத்தானைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. வலி இருக்கிறதா? தூங்குகிறாரா? அதை மட்டும் எழுது.

உன் முறுக்கறவன்


ஜனவரி 24

தம்பி,

பத்தாம் வகுப்பை இரண்டு தடவை கோட்டைவிட்டவன் எனக்கு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லித் தருகிறாய். வேடிக்கைதான்.

பதினாறு வருஷமாக எல்லாப் பட்டியலிலும் "அல்லது ஈடானது" என்று எழுதுகிறேன். கேட்ட சாமான் கிடைக்காவிட்டால் வேலை நிற்கக்கூடாது, அதற்காக எழுதுவது. கை தானாக எழுதும். ஈடானது என்றால் அந்த இடத்துக்கு ஈடானது என்று தொழில் தெரிந்தவனுக்குத் தெரியும். உனக்குத் தெரியவில்லை என்றால் அதைத்தான் எழுதிக் கொடுக்கச் சொல்கிறேன்.

உன்னிடம் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசுகிறேன். நீ தனிக்கட்டை. லைசென்ஸ் போனால் கிடங்கிலேயே மூட்டை தூக்கலாம், உன்னை யாரும் கேட்கப்போவதில்லை. எனக்கு அப்படியில்லை. அவர் வேலை போய்விட்டது. நானும் வீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான், அதிலும் அவரால் பாதிச் சுவரைத்தான் பார்க்க முடியும். உன்னைத் தொழிலில் சேர்த்துவிட்டது நான். ஏணி பிடிக்க வந்தவனுக்கு லைசென்ஸ் வாங்கித் தந்தது நான். அதைத் திருப்பிக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

வலி குறைந்திருக்கிறது. ஆனால் நேற்றிலிருந்து வலது கண்ணும் சிவந்திருக்கிறது. ஒரு கண் அடிபட்டால் சிலருக்கு நல்ல கண்ணும் அதோடு சேர்ந்து கெடுமாம். டாக்டர் இதை ஏதோ பாடம் நடத்துகிற மாதிரி சொன்னார். ஊசி போடுகிறார்கள். அவர் "பரவால்ல விடு, ஒண்ணு இருக்கில்ல"ன்னு எனக்கு ஆறுதல் சொல்கிறார்.

பத்தாம் தேதிக்குள் உன் கடிதம் குழுவுக்குப் போக வேண்டும்.

அக்கா


பிப்ரவரி 2

அக்காவுக்கு,

தனிக்கட்டை. நல்ல வார்த்தை. என்னைப் பார்க்க வந்த பெண் வீட்டாரிடம் "அவனுக்கு நிலையான வேலைன்னு ஒண்ணும் இல்ல, என் கீழதான் இருக்கான்"னு சொன்னது யார்? கட்டையை வெட்டிப் போட்டதும் நீதான், இப்போது அடுப்பில் வைக்கக் கேட்கிறதும் நீதான்.

லைசென்ஸை நீ வாங்கித் தரவில்லை. பரீட்சை எழுதியது நான். நீ விண்ணப்பத்தில் எழுத்துப்பிழை திருத்தினாய், அவ்வளவுதான். அதையும் நாலு பேர் முன்னால் வைத்துத் திருத்தினாய்.

நீயே போய் அத்தானிடம் சொல்லு. "அந்த இரண்டு வார்த்தையை நான்தான் எழுதினேன், அவன் கேட்டான், நான் திரும்பிப் பார்க்கல" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லு. இப்போது அவர் ஒரு கண்ணால்தான் பார்ப்பார், உனக்குக் கூச்சம் பாதிதான் இருக்கும்.

இப்படி எழுதியது தப்புதான். கோடு போட்டு அடிக்கவில்லை, இருக்கட்டும், நீ எழுதியதைவிட மோசமில்லை.

வலது கண் இப்போது எப்படி இருக்கிறது? நல்ல டாக்டராகப் பாரு. இதற்குக் கீழே நாலு வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயற்சி பண்ணாதே, தாள் கிழிகிற அளவுக்கு அடித்திருக்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 20

தம்பி,

நீ ஜெயித்துவிட்டாய். பன்னிரண்டாம் தேதி குழுவின் முன்னால் போய் உட்கார்ந்தேன். ஏழாவது வரியை நானே எடுத்துக் காட்டினேன். நீ கேட்டதையும், நான் திரும்பிப் பார்க்காததையும், உன்னிடம் சொன்ன வார்த்தையையும் அப்படியே சொன்னேன். ஒருவர் எழுதிக்கொண்டே "முறுக்கற வேலைன்னா என்னம்மா?"ன்னு கேட்டார். விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அறிக்கையில் என் பெயர்தான் வரும். லைசென்ஸை அங்கேயே மேசைமேல் வைத்துவிட்டு வரச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து உன் அத்தானிடம் சொன்னேன். நீ சொன்ன மாதிரி முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். ஆனால் கூச்சம் பாதியில்லை. அவருக்கு இப்போது சன்னல் எங்கே என்று தெரிகிறது, சன்னலில் யார் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. வலது கண்ணும் போய்க்கொண்டிருக்கிறது.

அவர் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். அன்றிலிருந்து என்னிடம் தேவையானதை மட்டும் பேசுகிறார்: துண்டு, தண்ணீர், மருந்து. பாத்ரூமுக்குப் போகும்போது என் தோளைப் பிடிக்கமாட்டேன் என்கிறார், சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறார். முந்தாநாள் கதவு நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டார். நான் ஒரு அடி பின்னால்தான் நின்றேன்.

பன்னிரண்டு பேர் முன்னால் உன்னை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அந்த அறைக்கு அந்த இரண்டு வார்த்தையை எழுதியிருக்கவும் கூடாது. எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை, இதையே வைத்துக்கொள்.

அக்கா


மார்ச் 1

அக்கா,

கடிதம் வந்தது. ஏன் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டாய்? இன்னும் கொஞ்சம் சண்டை போடுவாய் என்று நினைத்தேன். நீ என்றைக்கு விட்டுக்கொடுத்திருக்கிறாய், இதில் மட்டும் விட்டுக்கொடுக்க?

கடைக்காரர்மேலும் தப்பு இருக்கிறது. மெஷின் கம்பெனிக்காரர்களும் வந்து காந்தத்தை அளந்துவிட்டு ஓகே என்றுதானே போனார்கள். குழுவிடம் அதையெல்லாம் சொல்லியிருக்கலாமே. எல்லாவற்றையும் நீ ஒருத்தியே தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ள வேண்டுமா?

என்னால் இப்போதைக்கு வர முடியாது. இங்கே வேலை மும்முரமாக இருக்கிறது. அத்தானிடம் கேட்டதாகச் சொல்லு. வேண்டாம், சொல்லாதே.

தம்பி


மார்ச் 9

தம்பி,

அறிக்கையின் நகல் வந்தது. என் பெயரைப் பார்த்துவிட்டு மூடி வைக்கப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் உன் அத்தான் கொடுத்த வாக்குமூலம் இருந்தது. கட்டிலில் படுத்தபடியே சொல்லியிருக்கிறார், யாரோ எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. அப்படியே எழுதுகிறேன்:

"வயரிங் வேலை பார்த்த என் மைத்துனர்மேல் எந்தத் தப்பும் இருக்க முடியாது. அந்த அறைக்கு வேலை ஆரம்பித்த அன்று நான்தான் அவருடைய சாவிக்கொத்தில் ஒரு சின்னக் காந்தத்தை மாட்டிவிட்டேன். அதை ஒட்டிப் பார்க்காமல் அவர் ஒரு ஸ்க்ரூவைக்கூட உள்ளே கொண்டுபோனதில்லை. நான் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன்."

இதை ஏழெட்டுத் தடவை படித்தேன். குழுவில் எல்லாரும் படித்த ஆட்கள், உன்னை நல்லவன் என்று சொல்லியிருக்கிறார் என்று மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நானும் முதல் நாலு தடவை அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்குக் காந்தத்தை ஒட்டிப் பார்த்தாயா?

அக்கா


மார்ச் 17

அக்கா,

பார்த்தேன்.

நீ அப்படிச் சொன்னாய், அவர்கள் சிரித்தார்கள், நான் ஏணிக்குப் பின்னால் போய் மூடியை எடுத்துக் காந்தத்தில் வைத்தேன். டக்கென்று ஒட்டியது. பெட்டியும் ஒட்டியது. ஸ்க்ரூவும் ஒட்டியது. உன்னைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அப்போது ஒருத்தன் "முறுக்கறவரே, என்ன தேடறீங்க?"ன்னான். நீ சிரித்தாய். நான் சாவிக்கொத்தைப் பைக்குள் போட்டேன்.

உனக்கு ஒரு நாள் தலை குனிய வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன். மெஷின் கம்பெனிக்காரர்கள் வந்து காந்தத்தை உயிர்ப்பித்து அளப்பார்கள், படம் கோணலாகத் தெரியும், கூரையைப் பிரிப்பார்கள், பட்டியலைக் கேட்பார்கள். அந்தப் பன்னிரண்டு பேர் முன்னால் நீ நிற்க வேண்டும். நான் ஏணிமேல் நின்று பார்க்க வேண்டும். இதை நினைத்து நினைத்துத்தான் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் முறுக்கினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மூன்று நாளும் சந்தோஷமாக இருந்தேன்.

ஆனால் அவர்கள் அளந்தார்கள், அளவு சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு சின்ன மூடி அவர்கள் கணக்குக்கு ஒன்றுமேயில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால், தெரிந்தே ஏன் மாட்டினே என்று கேட்பாய். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு நாள் போயிற்று.

அத்தான் போய்ப் படுத்தபோது நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், உன் பக்கத்தில் நின்றேன். அவர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். "அக்கா"ன்னு கூப்பிட்டேன். நீ "மறைக்காதே, தள்ளி நில்லு"ன்னாய். தள்ளி நின்றேன். மெஷின் தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. அந்த அதிர்வில் ஸ்க்ரூ தளரும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று உன்னிடம் பொய் சொல்லப் போவதில்லை. தோன்றியது. இருபது நிமிஷம் நின்றுகொண்டே இருந்தேன்.

நான் அடித்த அந்த நாலு வரியும் இதுதான்.

குழுவிடம் வந்து சொல்லிவிடுகிறேன். உன் லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கட்டும். அத்தான் காலில் விழுந்து நானே சொல்கிறேன். அவர் செருப்பால் அடிக்கட்டும், போலீசில் பிடித்துக் கொடுக்கட்டும். இதை என்னால் இனிமேல் வயிற்றில் வைத்துக்கொண்டு இருக்க முடியாது. சாப்பாடு இறங்கவில்லை அக்கா. நீ ஒரு வார்த்தை எழுது, அடுத்த பஸ்ஸில் வருகிறேன்.

தம்பி


மார்ச் 26

தம்பி,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டு படித்தேன். படித்துவிட்டு அரிசி கழுவினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. உன்னை அடித்துக் கொல்ல வேண்டும் போல இருந்தது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்த இடுப்பு இது, அதை அறுத்துப் போட வேண்டும் போலவும் இருந்தது.

அறைக்குள்ளிருந்து "யார் கடிதம்?"னு கேட்டார். முப்பத்தேழு நாளைக்கு அப்புறம் அவராக என்னைக் கேட்ட முதல் கேள்வி. உன் கடிதம் என்றேன். "என்ன எழுதியிருக்கான்?" என்று எழுந்து உட்கார்ந்தார். நீ வருகிறாய் என்று எழுதியிருப்பதாகச் சொன்னேன்.

அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இன்று காலையில் ஷேவ் பண்ணிவிடச் சொன்னார். வலது கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும்தான், அதுவும் நல்ல வெயில் அடித்தால். "அந்த வேலையில ஒழுங்கா இருந்தது அவன் ஒருத்தன்தான். அவன் வந்தா நான் வெளியில நடக்க ஆரம்பிப்பேன்"னார். என் தோளைப் பிடிக்காதவர் உன் கையைப் பிடிப்பாராம்.

அதனால் வா. குழுவிடம் போக வேண்டாம். பட்டியலில் எழுதியது நான், திரும்பிப் பார்க்காதது நான், அதில் பொய் ஒன்றுமில்லை. என் பெயர் அங்கேயே இருக்கட்டும். உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை, பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது.

அவரிடம் நீ ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. காலில் விழுகிற வேலையெல்லாம் வேண்டாம். விழுந்தால் உன்னைத் தூக்கி உட்கார வைத்து, "போகட்டும் விடுடா"ன்னு சொல்லிவிடுவார். அவர் அப்படிப்பட்ட ஆள்தான், உனக்கும் தெரியும், அதற்காகத்தான் நீ ஓடி வரப் பார்க்கிறாய். அந்த மன்னிப்பு உனக்குக் கிடைக்க நான் விடமாட்டேன். எனக்கே கிடைக்கவில்லை.

காலையில் ஆறு மணிக்கு அவரை நடக்கக் கூட்டிப்போக வேண்டும். தெருவில் என்னென்ன இருக்கிறது என்று கேட்பார், சொல்ல வேண்டும். அன்றைக்கு நடந்ததைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசுவார். உன்னைப் பற்றி எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொள். சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதியிருந்தாய். அவர் பக்கத்தில்தான் உனக்கு இலை போடுவேன், இறங்குகிறதா என்று நானும் எதிரே உட்கார்ந்து பார்ப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை எந்த பஸ், எத்தனை மணிக்கு என்று எழுது. அவர் வாசலில் வந்து நிற்கிறேன் என்று சொல்கிறார்.

அக்கா